டைனோசர் எலும்பில் ஆறு லட்சம் போடலாமா?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறேன் சார். மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்தாச்சு. சீட்டு எடுத்த பணம் 6 லட்சம் கையில் இருக்கிறது. டைனோசர் எலும்பு, விண்கல், பழைய அறிவியல் கருவி எல்லாம் வெளிநாட்டு ஏலத்தில் பல மடங்கு விலை போகிறது, வீட்டிலிருந்தே ஏலம் கேட்கலாம் என்கிறான் நண்பன். போடலாமா? பேச்சிப்பாறை அணை கட்டும்போது சர்வேயராக இருந்த எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பித்தளை தியோடலைட் (நிலம் அளக்கும் கருவி) ஒன்றும் வீட்டில் கிடக்கிறது. ‘ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ், லண்டன்’ என்று வெட்டியிருக்கிறது. லண்டனுக்கே அனுப்பி விற்கலாமா? கன்னியாகுமரியில் அப்பா வாங்கிய சங்கு, சிப்பிகளும் ஒரு அலமாரி நிறைய உண்டு.

பதில்: 6 லட்சத்தையும் போடாதீர்கள். ஆசை விடவில்லை என்றால் 30,000, மிஞ்சிப்போனால் 40,000, அதுவும் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற பணமாக இருக்கட்டும்.

உங்கள் நண்பர் பார்த்தது அனேகமாக ஏபெக்ஸ் என்ற ஸ்டெகோசாரஸ் டைனோசர் எலும்புக்கூடு பற்றிய செய்தியாக இருக்கும். 2024 ஜூலையில் நியூயார்க் சாத்பீஸ் ஏலத்தில் 40 முதல் 60 லட்சம் டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள், போனதோ 4.46 கோடி டாலர். வாங்கியவர் கென் கிரிஃபின், ஹெட்ஜ் ஃபண்ட் நடத்தும் பெரும் பணக்காரர். அந்த விலைக்கும் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் மொராக்கோ ட்ரைலோபைட்டுக்கும் (பூச்சி மாதிரி இருக்கும் பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம்) ஒரு சம்பந்தமும் கிடையாது. ட்ரைலோபைட், சுறாப் பல், மடகாஸ்கர் அம்மோனைட் (சுருள் ஓட்டுப் புதைபடிவம்) எல்லாம் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகிறது, அதில் ரெசினில் வார்த்த போலியும், நிஜப் பல்லைப் பொய்த் தாடையில் மணலும் பசையும் வைத்துப் பதித்ததும் தாராளமாகக் கலந்திருக்கும். பெரிய இடத்திலும் சிக்கல் வரும்: 2022 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஹாங்காங்கில் ஏலம் விட இருந்த ஷென் என்ற டி-ரெக்ஸ் டைனோசர் எலும்புக்கூட்டில், ஸ்டான் என்ற இன்னொரு டி-ரெக்ஸ் எலும்புகளின் அச்சுப் பிரதி எவ்வளவு கலந்திருக்கிறது என்ற கேள்வி கிளம்பியதும், ஏலத்துக்குச் சில நாள் முன்னால் அதை விலக்கிக்கொண்டார்கள். அங்கேயே அப்படி என்றால், போனில் படம் பார்த்து வாங்கும் நமக்கு?

சரி, நிஜமான பொருளே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஏலம் முடிந்து சுத்தியல் தட்டிய விலை 1 லட்சம், அதன் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் கட்டணம் 26 சதவீதம் என்று வைத்தால், நீங்கள் கொடுப்பது 1,26,000. அப்புறம் அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ், சுங்கம், வரி. அதையே நாளைக்கு ஏலத்தில் விற்கப் போனால் உங்களிடம் 10 சதவீதமாவது கமிஷன் பிடிப்பார்கள். ஆக, அனுப்பும் செலவையும் வரியையும் மறந்துவிட்டால்கூட, சுத்தியல் விலை 1,40,000 ஆனால்தான் போட்ட முதல் கைக்கு வரும். அதே 1,26,000 வங்கியில் 7 சதவீத வட்டிக்கு 5 வருடம் கிடந்தால் சுமார் 1,77,000 ஆகியிருக்கும். நகையை நாகர்கோவிலில் எந்தக் கடையில் கொடுத்தாலும் அன்றைய விலை ஒன்று உண்டு, அம்மோனைட்டுக்கு அப்படி ஒரு விலைப்பலகையே இல்லை, வாங்க ஆள் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அரிது என்பதும் நிரந்தரம் இல்லை. கோனஸ் குளோரியாமாரிஸ் என்ற கூம்புச் சங்கு 200 வருடம் போல உலகத்திலேயே விலை உயர்ந்த சங்குகளில் ஒன்றாக இருந்தது. 1969இல் சாலமன் தீவுகளில் குவாடல்கனால் பக்கம் அது வாழும் இடத்தைக் கடலில் முங்குபவர்கள் கண்டுபிடித்தார்கள், விலை சரிந்தது, இன்று சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. அதற்கு முன் வீட்டை அடகு வைத்து வாங்கியவன் கதியை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, விண்கல் என்று யாராவது நேரில் கொண்டுவந்து காட்டினால் கதவைச் சாத்துங்கள். இரிடியம், அரிசி இழுக்கும் செம்பு, வலம்புரிச் சங்கு என்று நம்ம பக்கம் பணத்தை விட்டவர்கள் போதும்.

சங்கு அலமாரியில் ட்ரைடாக்னா என்ற ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ், கொம்புள்ள பெரிய காசிஸ் கார்னூட்டா, பவளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. அப்பா எப்போது வாங்கியிருந்தாலும் சரி, விற்பனை விளம்பரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தியோடலைட்தான் எனக்கு உண்மையில் பிடித்த விஷயம். பேச்சிப்பாறை வேலை 1897 முதல் 1906 வரை, திருவிதாங்கூர் காலம். கருவியைச் செய்த ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ் கம்பெனி 1922இல் குக் கம்பெனியோடு சேர்ந்து ‘குக், ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ்’ ஆனது. உங்கள் கருவியில் குக் பெயர் இல்லை, ஆகவே அது 1922க்கு முந்தையது, 100 வயது தாண்டிவிட்டது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சிலையை மட்டும் சொல்லவில்லை, பழங்கால அறிவியலைக் காட்டும் 100 வருடப் பொருளும் அதில் அடக்கம். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. லண்டன் யோசனையை விடுங்கள், அங்கேயும் சாதாரண தியோடலைட் சில நூறு பவுண்டு போனாலே பெரிது. உள்நாட்டில் விற்கலாம், உரிமம் உள்ள தொல்பொருள் வியாபாரி மூலம் போங்கள், ஆடிட்டரிடம் மூலதன ஆதாய வரி பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த என்ஆர்இ வங்கிக் கணக்கு இன்னும் அப்படியே இருந்தால் வங்கிக்குப் போய் உள்நாட்டுக் கணக்காக மாற்றுங்கள், ஊர் திரும்பியவர்கள் பலர் மறப்பது இதைத்தான். மஸ்கட் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு போயிருக்கும், குடும்பத்துக்குப் புதிதாக ஒன்று எடுங்கள். ஒரு வருட வீட்டுச் செலவு வைப்பு நிதியில். மிச்சத்தைப் பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடுங்கள்.

தியோடலைட்டைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழைய அரக்குப் பூச்சும் மங்கிய நிறமும் போனால் சேகரிப்பவர் பாதி விலைக்குக்கூடக் கேட்க மாட்டார். மரப்பெட்டி, அதற்குள் ஒட்டிய சீட்டு, கொள்ளுத்தாத்தாவின் நியமன உத்தரவு ஏதாவது பரணில் இருந்தால் எடுத்துக் கருவியோடு சேர்த்து வையுங்கள், விலை கூடுவதென்றால் அந்தக் காகிதத்தால்தான் கூடும்.