டேப்பை ஓடவிட்டது தப்பா?

கேள்வி: 'நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்' குழுவினரின் 'வில் த சர்க்கிள் பீ அன்ப்ரோக்கன்' இசைத்தட்டைக் கேட்டேன். பாட்டுக்கு நடுவே பேச்சு, சிரிப்பு, நலம் விசாரிப்பு. டாக் வாட்சன் மாதிரி பெரிய பாடகர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அரட்டை அடித்ததைக்கூடவா விற்பார்கள்? இது சோம்பேறித்தனம் இல்லையா?

பதில்: அந்தப் பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்திருந்தால் சோம்பேறித்தனம் என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்காது.

1971 ஆகஸ்டில், நாஷ்வில் நகரத்து உட்லேண்ட் ஸ்டுடியோவில் நடந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த நீளமுடி இளைஞர்கள், தாங்கள் கேட்டு வளர்ந்த பெரியவர்களை அழைத்து உடன் உட்கார்ந்து வாசித்தார்கள். பாஞ்சோவுக்கு ஏர்ல் ஸ்க்ரக்ஸ், ஃபிடிலுக்கு வாசர் கிளெமன்ட்ஸ், கூடவே அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களின் மூத்த பாடகி, 62 வயது மேபெல் கார்ட்டர். மூன்று தட்டு நிறையப் பாட்டு, ஆறே நாளில் முடிந்தது. அதுவும் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதை அப்படியே இரண்டு தடங்களில் (டிராக்) பதியும் டேப்பில். ஆளுக்கு ஆள் தனியாக எடுத்து அப்புறம் ஒட்டிச் சரிக்கட்டுகிற வசதி அதில் கிடையாது. ஃபிடில் ஓரிடத்தில் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். அவர்கள் வாசித்த ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையில் மறைந்துகொள்ள டிரம்ஸ் சத்தமும் வழக்கமாக இருக்காது; மாண்டலின் தந்திகளைச் சட்டென்று வெட்டி மீட்டும் ஒலியும், பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும்தான் தாளத்தைத் தாங்குகின்றன. அப்படி ஒரு இடத்தில் சிரித்துப் பேசிவிட்டு அடுத்த நொடி பிசகில்லாமல் வாசிக்க எத்தனை வருஷக் கைப்பழக்கம் வேண்டும், சொல்லுங்கள்!

சரி, அந்த அரட்டையில் என்ன இருக்கிறது? டாக் வாட்சன் கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையை இழந்தவர். மெர்ல் டிராவிஸின் கிட்டார் என்றால் அவருக்கு உயிர். கட்டைவிரல் கிட்டாரின் தடித்த கீழ்ச்சுரத் தந்திகளில் தாளம் போட, ஆள்காட்டி விரல் மெட்டை வாசிக்கும் அந்தப் பாணிக்கு இன்றுவரை டிராவிஸின் பெயர்தான். தன் மகனுக்கே மெர்ல் என்று பெயர் வைத்தார் டாக். ஆனால் அந்த ஸ்டுடியோவுக்கு வரும்வரை இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. நாற்பத்தெட்டு வயதில், பெரும் புகழுக்குப் பிறகு, டாக் ஒரு ரசிகராக டிராவிஸிடம் அதையெல்லாம் சொல்கிறார். டேப் ஓடிக்கொண்டிருந்ததால் நமக்கு அது கிடைத்தது.

இதையா வெட்டி எறியச் சொல்கிறீர்கள்? பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பாடிப் பதிவு செய்யலாம். முதல் சந்திப்பு ஒரு தடவைதான். அடுத்த முறை கேட்கும்போது அந்த இடத்தைத் தள்ளிவிடாமல், ஹெட்ஃபோன் போட்டு, டாக்கின் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.