தண்ணியில்லாக் காடும் ஆண்கடலும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிப் பக்கம். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மீட்டிங்கில் எங்கள் மேலாளர் கூட வேலை பார்க்கும் ஒருவரைப் பார்த்து, “இப்படியே இருந்தீங்கன்னா ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிருவேன், தண்ணியில்லாக் காட்டுல கிடங்க” என்றார். எங்களுக்கு அங்கே கிளையே கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி படுக்கும்போது ஒரு மாதிரியாக இருந்தது.

கல்லூரியில் ரோலண்ட் பார்த் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பற்றி ஒரு பாடம் இருந்தது. நீங்களும் அன்றாடப் பேச்சுக்குள் இருக்கும் அரசியலைப் பற்றி எழுதுகிறீர்கள். இதை அறை நண்பனிடம் சொன்னேன். “முட்டையில மயிர் பிடுங்காதடா, ஜோக்கை ஜோக்கா விடு” என்றான். அவன் சொல்வதும் சரிதானோ என்று படுகிறது. எல்லாவற்றிலும் உள்ளர்த்தம் தேடினால் மனுஷன் நிம்மதியாகப் பேச முடியுமா? அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

ராத்திரி ஒரு மாதிரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அது எட்டாம் வகுப்பிலேயே வந்தது. எங்கள் கடற்கரைப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் ஒருவர் மாற்றலாகி வந்தார். முதல் நாள் எங்களைப் பார்த்தார். “தண்ணியில்லாக் காட்டுல கொண்டாந்து தள்ளிட்டானுங்க” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் துண்டால் தட்டி உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. நன்றாகவே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் மேசை டிராயரில் மாற்றல் விண்ணப்பத்தின் நகல் எப்போதும் இருக்கும். ஏழாவது மாதம் போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படித்தான். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை நாங்கள்தான் என்பது பதின்மூன்று வயதில் எனக்குப் புரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நீ படித்த பார்த்தின் கட்டுரைகள் 1957இல் புத்தகமாக வந்தன. அதில் ஓர் இடம். அவர் சலூனில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு வார இதழைக் கொடுக்கிறார்கள். அட்டையில் பிரெஞ்சு ராணுவச் சீருடையில் ஒரு கறுப்பின இளைஞன் சல்யூட் அடிக்கிறான். படத்தில் பொய் எதுவும் கிடையாது. பையன் நிஜம், சல்யூட்டும் நிஜம். ஆனால் அந்த அட்டை சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறது: எங்கள் பேரரசின் பிள்ளைகள் நிறபேதம் இல்லாமல் எங்கள் கொடியை வணங்குகிறார்கள், அப்புறம் இதை ஆதிக்கம் என்று எவன் சொல்வது? அப்போது அல்ஜீரியாவில், 1954இல் தொடங்கிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் அந்தச் சீருடைக்குள் எப்படி வந்தான் என்ற கதை அட்டைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மனிதர்கள் செய்த ஒன்றிலிருந்து அதன் வரலாற்றை உருவிவிட்டு, என்றைக்கும் அப்படித்தான் இருந்தது என்று காட்டுவதைத்தான் அவர் தொன்மம் என்றார்.

நம் மாவட்டத்துக்குக் கிடைத்த பெயரும் அப்படித்தான் வேலை செய்கிறது. வறட்சி பொய் இல்லை. சித்திரையில் குடத்தோடு வரிசையில் நிற்பவர்களை நீயும் பார்த்திருப்பாய். ஆனால் உன் ஊருக்குப் பக்கத்தில்தானே ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் இருக்கிறது? “நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை” என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு பெரிய கண்மாய், தண்ணீரைத் திறந்துவிட 48 மடைகள். இங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில், சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான், ஒன்று நிறைந்தால் அடுத்ததுக்கு மறுகால் பாயும்படி கண்மாய்களைக் கோத்துக் கட்டினார்கள். ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து நின்றுபோனது, வரத்துக்கால்கள் தூர்ந்தது, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியது, மேலே வைகைத் தண்ணீரை யாருக்கு எவ்வளவு விடுவது என்பது, எல்லாமே யாரோ எடுத்த முடிவு, அல்லது எடுக்காமல் விட்ட முடிவு. ‘காடு’ என்று சொல்லிவிட்டால் இதை யாரும் கேட்க மாட்டார்கள். காட்டுக்கு யார் பொறுப்பு? ஒரே மண்ணைப் பற்றி இரண்டு சொலவடைகள் இருந்தன. ஒன்று ஆபீசுக்கும் சினிமாவுக்கும் போனது. மற்றது கண்மாய்க்கரைக் கிழவர்களோடு நின்றுவிட்டது.

தண்ணீர் என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. தனுஷ்கோடியில், அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு அம்மா மணலைக் கையால் பறித்து ஊற்று எடுத்துக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம்கூட இருக்காது. தண்ணீர் கசிந்து தெளியும்வரை காத்திருந்து, சிரட்டையால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றினார். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார். உப்பே இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் எடை குறைவு என்பதால் கீழே இருக்கும் உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. வாளியைப் போட்டுக் கலக்கினாலோ ஆழமாகத் தோண்டினாலோ கெட்டுவிடும். சிரட்டைதான் அதற்குச் சரியான அளவு. “ஆசைப்பட்டுத் தோண்டக் கூடாதுய்யா” என்றார் அந்த அம்மா.

அடுத்தவர் நம்மைச் சொன்ன சொல்லை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதாது. ராமேஸ்வரம் பக்கம் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நாமே சொல்கிறோம். அடங்கியிருப்பது பெண், சீறுவது ஆண். நானும் பல வருஷம் அழகான பேச்சு என்று நினைத்து அதை எழுதியிருக்கிறேன். ஆனால் வாடைக்காற்று தொடங்கியதும் பெண்கடல் போடும் ஆட்டத்தில் வத்தைப் படகுகளை இழுத்துக் கரையேற்றிவிடுகிறார்கள். அந்த நாட்களில் தெற்குக் கடல்தான் அடங்கிக் கிடக்கும்.

அந்த ஆண்கடலுக்குள் இறங்கிக் கடல்பாசி எடுப்பது யார்? பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள். சேலைக்கு மேல் பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். 1986இல் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா ஆனபோது, தாங்கள் முங்கிய இடத்திலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். ‘மீனவர்’ என்றதும் நம் மனசுக்குள் வலையோடு ஒரு ஆண்தான் வந்து நிற்கிறார். அந்தச் சொல்லுக்குள் இவர்களுக்கு இடம் கிடைக்கப் படாத பாடு படவேண்டியிருக்கிறது. எனக்கு உண்மையிலேயே ஆறாத இடம் இது.

உன் நண்பன் கேட்டதை நான் தள்ளிவிடவில்லை. எல்லாச் சொல்லுக்குள்ளும் இப்படி ஒன்று இருக்காது. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர்களையும் குடைந்து பார்த்தேன். கடலில் கிடந்தவர்களின் அனுபவத்தைத் தவிர அதில் வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் செய்வது ஒன்றுதான். ஒரு சொல் எந்த இடத்தைச் சுட்டுகிறதோ அங்கே நேரில் போய் நின்று பார்ப்பேன். சொல்லும் இடமும் பொருந்தினால் விட்டுவிடுவேன். பொருந்தாவிட்டால், பொருந்தாததால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பேன். இதில் நிம்மதி போவதாக எனக்குத் தோன்றியதில்லை. நண்பர்களோடு இன்றைக்கும் வாய்விட்டுத்தான் சிரிக்கிறேன்.

மேலாளரிடம் சண்டை வேண்டாம். அவரும் அந்தச் சொல்லை எங்கேயோ கேட்டு வாங்கியவர்தான். “சார், அது எங்க ஊரு” என்று மட்டும் சொல். சிரிப்பு நின்றால் நிற்கட்டும். யாராவது ஒருவர் ‘அங்கே என்ன இருக்கு’ என்று கேட்பார். கண்மாயைச் சொல். நீயே அதைச் சரியாகப் பார்த்ததில்லை என்றால், கார்த்திகை கடைசியில் இரண்டு நாள் லீவு போட்டு வா. மழை ஏமாற்றாவிட்டால் தண்ணீர் கிடக்கும். கரையிலேயே நடந்து மடைகளை எண்ணிப் பார்க்கலாம். உன் அறை நண்பனையும் கூட்டி வா.

அன்புடன்,
அண்ணன்