பரணில் கிடக்கும் பைண்டு புத்தகங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. அப்பா காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிவரை சீரியல்தான். எனக்குப் பிடித்த 32 படங்கள், நாவல்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஓர் ஈரானியப் படத்தில் அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டார். நாவலை நாலு பக்கத்தில் மூடிவிட்டார். பரணில் அவருடைய பழைய பைண்டு புத்தகங்கள் மூட்டையாகக் கிடக்கின்றன. வெள்ளையடிக்கும்முன் எடைக்குப் போட வேண்டும், அதற்கும் நேரமில்லை. அம்மாவின் ரசனையை எப்படி வளர்ப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பரண் விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த மூட்டைக்குள் இருப்பது என்ன தெரியுமா? வாரப் பத்திரிகையின் பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து, வரிசை குலையாமல் மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, தொடர் முடிந்ததும் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுத் தைத்து வாங்கிய புத்தகங்கள். நடுவில் ஓர் இதழ் தவறினால் கதையில் ஓட்டை விழும். அந்த இதழுக்காக அக்கம்பக்கம் கேட்டு அலைய வேண்டும். இத்தனையும் செய்த வாசகிக்கு ரசனை இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? முதலில் எடைக்குப் போடும் பேச்சை நிறுத்துங்கள். அவை அவருடைய சொத்து. கேட்காமல் தொட உங்களுக்கு உரிமை இல்லை.

ஈரானியப் படம் ஏன் தூக்கம் வரவழைத்தது? வசனத்தை அடியில் எழுத்தாகப் படிக்க வேண்டும். ஒரு வரி திரையில் நிற்பது சில விநாடிதான். எழுத்தைப் பிடித்தால் முகம் போய்விடும், முகத்தைப் பார்த்தால் எழுத்து போய்விடும். பழக்கமில்லாத கண் அரை மணியில் களைத்துத்தான் போகும். நாவலை மூடியதற்குக் காரணம் அநேகமாகப் பொடி எழுத்து. கடைசியாக எப்போது கண் டாக்டரிடம் அழைத்துப் போனீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டியல் போட நேரம் கிடைத்த பிள்ளைக்கு இதற்கும் கிடைத்திருக்க வேண்டும். கண்புரை இருக்கிறதா, படிக்கும் கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். படிக்க உட்காரும்போது வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழட்டும்.

சீரியலை இளக்காரமாகப் பேசாதீர்கள். 'தொடரும்' என்ற சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருந்து பழகியவர் அவர். அந்தக் காத்திருப்பை இன்று தருவது சீரியல் ஒன்றுதான். நீங்களும் அதே தாளத்தில் போங்கள்: ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், இருபது நிமிடம், நீங்களே உரக்கப் படியுங்கள். சீரியல் தொடங்குவதற்கு முன்னால் வேண்டும், நடுவில் கூடாது. 'எப்படி இருக்கு?' என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்காதீர்கள். பரீட்சை எழுதுவது போல ஆகிவிடும்.

32 எதற்கு? ஒன்று போதும், அதையும் அவர் சொல்லட்டும். 'எந்தக் கதையை ரெண்டாவது தடவை படிச்சீங்க? எதுக்கு அப்பாவோட சண்டை போட்டீங்க?' என்று கேளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' என்றால் உங்களுக்கு யோகம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுத, கோபுலு படம் வரைந்த தொடர் அது. மூட்டையில் அதன் பைண்டு இருந்தால் அந்தப் படங்களும் இருக்கும். கொஞ்சம் படித்துவிட்டு 1968-இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தைப் போடுங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோபுலு வரைந்த முகத்துக்கும் சிவாஜியின் முகத்துக்கும் என்ன பொருத்தம் என்று அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

பிறகு, உங்கள் ரசனைக்கும் நெருக்கமாக, மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தொட்டுக்கொண்டு எழுந்த படம். சின்னக் கதைதான், முதலில் அதைப் படித்துக் காட்டுங்கள். ஆற்றங்கரையில் முடியும் படத்தின் முடிவு கதையில் கிடையாது. எது சரி என்று அம்மாவிடம் வாதாடுங்கள். தோற்றால் ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி மூட்டை. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் முதுகுப் பக்கமிருந்து ஓரத்தை நோக்கித் தூசி தட்டுங்கள். ஈரத் துணி கூடாது. நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் பத்திரிகைத் தாள் பழுத்து அப்பளமாக நொறுங்கும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை பரவிக் கறையாகிவிடும். படிக்கும்போது முழுசாக விரித்து அழுத்தாமல் இருபுறமும் தலையணை வைத்துத் தாங்குங்கள். மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தால், ஓரத்தை வெட்டக் கூடாது, பக்கவாட்டில் துளை போட்டுத் தைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். உள் ஓரம் ஏற்கெனவே குறுகல். வரிக்கு இரண்டெழுத்து தையலுக்குள் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி போடும்போது கீழே ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். எந்த மூட்டையில் எந்தக் கதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.