புதிய மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் 550 (நிரந்தர மறுப்பு) பிழை வருகிறது, பழையவை சரியாக இருக்கின்றன: ஏன்?

தவறு அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் இல்லை. கொட்டாஞ்சேனைக் கிளையிலுள்ள பிரதித் தரவுத்தளம் நகலெடுப்பதை நிறுத்திவிட்டது. முதன்மைத் தரவுத்தளம் உள்ள வெள்ளவத்தையில் நீங்கள் நேற்றுத் திறந்த முகவரி அங்கே போய்ச் சேரவேயில்லை. ஆகவே கிளை சர்வர் அந்தப் பயனரே இல்லை என்று கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறது.

முதலில் கடிதங்களைக் காப்பாற்றுங்கள். கிளையின் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பை 'யெஸ்' ஆக்கி ரீலோட் செய்யுங்கள். 550 அப்போது 450, அதாவது தற்காலிக மறுப்பு, ஆகும். அனுப்பும் சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து மீண்டும் முயலும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

பிறகு பிரதியின் தரவுத்தள மென்பொருளான மரியாடிபியில் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' கொடுத்துப் பாருங்கள். மாற்றங்களைப் பெறும் ஐஓ இழை 'யெஸ்', அவற்றைப் பதியும் எஸ்கியூஎல் இழை 'நோ', கடைசிப் பிழை 1062 (ஒரே வரி இருமுறை) என்றிருந்தால், பெரும்பாலும் யாரோ பிரதியிலேயே நேரடியாக ஒரு பயனரைச் சேர்த்திருக்கிறார்கள். அதே வரி முதன்மையிலிருந்தும் வந்து மோதியிருக்கிறது. பிரதி எத்தனை விநாடி பின்தங்கியுள்ளது என்பதற்கு நேரே 'நல்' (NULL, மதிப்பு இல்லை) என்று இருக்கும். அதைப் பூச்சியம் என்று எண்ணி நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இரு பக்கத்து வரிகளையும் ஒப்பிட்டு, பிரதியில் இருப்பதை நீக்கி, எஸ்கியூஎல் இழையை மறுபடி தொடங்குங்கள். பிழையைத் தாண்டிச் செல்லும் கட்டளையைத் தயவுசெய்து தொடாதீர்கள். இன்று தாண்டிய வரி அடுத்த மாதம் வேறொரு பிழையாக வந்து நிற்கும். அதன்பின் பிரதியை 'ரீட் ஒன்லி' (வாசிக்க மட்டும்) ஆக்குங்கள்.

ஒன்று கவனம்: இந்தப் பிரதித் தரவுத்தளம் கணக்கு அட்டவணைகளை மட்டுமே நகலெடுக்கிறது. மெயில்டிர் கோப்புறையிலுள்ள கடிதங்களுக்குத் தனிக் காப்புப் பிரதி வேண்டும்.