வாசகர் கேள்வி – பதில்: அரை நாளில் காஞ்சிபுரம்

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் மகன் பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறான். அவனோடும் 71 வயதான என் மாமியாரோடும் காஞ்சிபுரம் போய்வர ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. காமாட்சியம்மனைத் தரிசிக்காமல் திரும்பக் கூடாது என்கிறார். பிற்பகல் இரண்டரை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். டிரைவரோடு தனிக் கார் எடுத்தால் முக்கியமான ஐந்து கோயில்களையும் பார்த்து, ஒரு பட்டுப்புடவையும் வாங்கி வர முடியுமா? வாடகையை எப்படிப் பேசுவது?
— ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: ஐந்து கோயில்கள் முடியாது, மூன்றை மனநிறைவாகப் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக் கோயில்கள் பொதுவாக நண்பகல் 12 மணியை ஒட்டி நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பதால், உங்கள் பயணம் எப்போது முடியும் என்பதை அந்த நடைசாத்தும் நேரமே தீர்மானிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பி, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே சிக்கி, பதினொன்றே காலுக்கு ஊருக்குள் நுழைந்தேன். ஏகாம்பரநாதரை அவசரமாகக் கும்பிட்டுவிட்டுச் சின்ன காஞ்சிபுரம் வரதராசர் சன்னிதிக்கு ஓடியபோது கதவு சாத்தியிருந்தது. வெயிலில் அவர் ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே ஐந்து மணிக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். பாடி, மதுரவாயல், பூந்தமல்லி வழியாக அந்த நேரத்தில் தடையின்றிப் போகலாம். வழியில் இராமானுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் வருகிறதே, அதையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு நாளைக்கு என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். நகரின் மேற்கு ஓரத்தில், கடைகளின் இரைச்சல் எட்டாத இடத்தில் இருக்கிறது. கிழக்கு நோக்கிய கோயில் என்பதால் காலை இளவெயில் மணற்கல்லின் மேல் நேராக விழும். இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது இது. உள்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக 58 சிறு கோட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றினுள் குனிந்து பார்த்தால், உதிர்ந்தது போக மிஞ்சிய சுதையின் மேல் செங்காவி நிறத்தில் பல்லவர் காலத்துத் தூரிகைக் கோடுகள் தெரியும். ஒரு முகத்தின் பாதி, ஒரு கண்ணின் வளைவு, அவ்வளவுதான். என் தந்தையார் அந்த ஒரு கண்ணின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். தயவுசெய்து யாரும் விரலால் தொட வேண்டாம். ஒவ்வொரு தொடுகைக்கும் கொஞ்சம் உதிரும். முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு உள்ளது. காஞ்சியை வென்று உள்ளே வந்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே விட்டுச் சென்ற செய்தியை அது சொல்கிறது. பகைவனையும் தடுத்து நிறுத்திய அழகு அது என்றே நான் நம்புகிறேன். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து போகும் குறுகலான பாதைக்குள் உங்கள் மாமியார் போக வேண்டாம். வெளிச்சுற்றில் உட்கார்ந்தே அவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். இங்கே ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுத்து காமாட்சியம்மன். காஞ்சி நகரத்துச் சிவன் கோயில்களில் அம்மனுக்கென்று தனிச் சன்னிதி வைக்காமல் காமாட்சியையே எல்லாருக்கும் பொதுவான தாயாகக் கொள்வது மரபு என்பதால், உங்கள் மாமியாரின் விருப்பம் மிகச் சரியானதே. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் வேண்டாம். வரிசையிலேயே காலைப்பொழுது போய்விடும். மூன்றாவதாக வைகுண்டப் பெருமாள் கோயில். வெயில் ஏறினால் கற்தரை சுடும். மாமியாருக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை எடுத்துச் செல்லுங்கள்.

வாடகை விஷயத்தில் பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். நேரத்தைக் கணக்கிட்டால் அரை நாள். தூரத்தைக் கணக்கிட்டால் போகவர 150 கிலோமீட்டருக்கு மேல். நகருக்குள் சுற்றுவதற்கான 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் வாடகைக்குள் இது அடங்காது. வெளியூர்ப் பயணம் என்று கணக்கிட்டு, நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டருக்குப் பணம் கேட்பது பரவலான வழக்கம். எனவே கிலோமீட்டர் விலை, குறைந்தபட்சத் தூரம், டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், மீட்டர் எங்கிருந்து ஓடத் தொடங்கும் என்பது ஆகிய அனைத்தையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். மஞ்சள் போர்டு வண்டியாகவே இருக்கட்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும். டிரைவர் முந்தைய இரவு வேறு சவாரிக்குப் போகாமல் தூங்கியவரா என்று கேட்பதில் தவறே இல்லை. அவரையும் உங்களோடு உட்காரவைத்துக் காலை டிபன் சாப்பிடச் சொல்லுங்கள். மிளகு, சீரகம், சுக்கு மணக்கும் காஞ்சிபுரம் இட்லி கிடைத்தால் விட வேண்டாம்.

புடவையை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாவால் (தறியில் ஊடை நூலைக் கொண்டோடும் கருவி) கோக்கப்படும் கோர்வைப் புடவையை, கரை சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்து, சில்க் மார்க் முத்திரையைச் சரிபார்த்து, நிதானமாக வாங்க வேண்டும். ஆள் கூட்டி வரும் டிரைவருக்குக் கழிவு தரும் கடைகளும் உண்டு. அந்தத் தொகை உங்கள் பில்லில்தான் ஏறும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பழைய கோயில் என்றாலே அலுத்துக்கொள்கிறாள். அவளைக் காஞ்சிக்கு அழைத்துச் செல்வதில் பயன் உண்டா?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கே முதலில் அழைத்துச் செல்லுங்கள், தாம்பரத்திலிருந்து வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத் வழி உங்களுக்கு வசதி. அங்கே சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகையின் சுவர் முழுவதும் பல்லவர் வரலாறு அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசுக்கு வாரிசு இல்லாமல் போனபோது ஊர்ப் பெரியோர் பல்லவரின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனைத் தேடிப் போய் அவனுடைய பிள்ளைகளில் ஒருவரைக் கேட்கிறார்கள். மற்றவர்கள் மறுக்க, பல்லவமல்லன் மட்டும் நான் போகிறேன் என்கிறான். அவனே பின்னாளில் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன். கதையை வண்டியிலேயே சொல்லிவிட்டு, பட்டம் சூட்டும் காட்சி எந்தச் சுவரில் இருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரசேற்றபோது அந்தப் பையனுக்கு வயது 12.