கோள்கள் எட்டா, ஒன்பதா?

கேள்வி: என் மகள் தரம் 6இல் படிக்கிறாள். சைவநெறிப் பாடத்தில் கிரகங்கள் ஒன்பது என்று படித்தவள், விஞ்ஞான வினாத்தாளில் கோள்களின் எண்ணிக்கையையும் ஒன்பது என்றே எழுதி ஒரு புள்ளியை இழந்துவிட்டாள். எந்த ரீச்சர் சொன்னது சரி என்று என்னைக் கேட்கிறாள். ஒரே வானத்தை ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு விதமாகப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் எப்படி விளக்குவது?
- தாய் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு ஆசிரியைகளும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, நவக்கிரகங்களின் பெயர்களை இடப்பக்கமும் விஞ்ஞானப் பாடநூலின் எட்டுக் கோள்களை வலப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் இரு பக்கமும் வரும். அவை வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. விண்மீன்களுக்கிடையே இடம்பெயர்வதாகத் தெரிந்த எல்லாவற்றையும் முன்னோர் கிரகம் என்றே எண்ணியதால் சூரியனும் சந்திரனும் இடப்பக்கத்தில் சேர்ந்தன, நாம் நிற்கும் பூமி சேரவில்லை. யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் தொலைகாட்டி வந்த பிறகே கண்டறியப்பட்டவை. (உங்கள் பள்ளிக்காலத்தில் விஞ்ஞானத்திலும் ஒன்பதாகவே இருந்திருக்கக்கூடும். புளூட்டோவைக் குறுங்கோள் வகைக்கு மாற்றியது 2006இல்தான்.)

மீதமிருக்கும் ராகுவையும் கேதுவையும் பற்றித்தான் சற்று நின்று பேச வேண்டும். சந்திரன் செல்லும் பாதை, சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. அவ்விரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களையே வானியல் கணக்கில் ராகு, கேது என்கிறார்கள். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்கு அருகே நேர்ந்தால் மட்டுமே கிரகணம் உண்டாகும் என்பதால்தான், மாதந்தோறும் போயா வந்தும் மாதந்தோறும் சந்திர கிரகணம் வருவதில்லை. பாம்பு விழுங்கிய கதையை அம்மம்மா சொல்லட்டும், தடுக்க வேண்டாம். கதை முடிந்ததும், ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு வளையல்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்துச் சற்றே சாய்த்துப் பிடித்து, அவை சந்திக்கும் இரண்டு இடங்களையும் மகளே தொட்டுக் காட்டும்படி கேளுங்கள்.

தமிழ்ப் பாடத்துக்கும் இதில் பங்குண்டு. கார்த்திகை விளக்கீட்டன்று முழுநிலா கார்த்திகை விண்மீன் கூட்டத்தை ஒட்டி நிற்கும், வைகாசியில் விசாகத்தை ஒட்டி நிற்கும். மாதங்களின் பெயர்கள் அப்படி வந்தவைதாம். முழுநிலவின் ஒளியில் அந்த விண்மீன்கள் மங்கிவிடும், கொழும்பின் தெருவிளக்குகளும் தம் பங்குக்கு மறைக்கும். ஆகவே விளக்கீடு முடிந்து நான்கைந்து நாள் கழித்து, நிலவு எழுமுன், இரவு எட்டு மணியளவில் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே பாருங்கள். மழைமுகில் விலகியிருந்தால் அந்தச் சிறு கொத்துத் தென்படும்.

கணிதத்துக்கு இரண்டு பந்துகள் போதும். கூடைப்பந்தைப் பூமி என்று கொண்டால், பையன்கள் ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து ஏறக்குறைய சந்திரனின் அளவு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் பிள்ளைகள் ஒரு சாண் விட்டு வைப்பார்கள், ஏனெனில் பாடநூல் படங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. சந்திரனின் சராசரித் தூரமான 384,400 கிலோமீற்றரைப் பூமியின் விட்டமான 12,742 கிலோமீற்றரால் மகளே வகுக்கட்டும். விடை 30ஐ ஒட்டி வரும். அப்படியானால் டென்னிஸ் பந்து 7 மீற்றருக்கு அப்பால் போக வேண்டும், உங்கள் வீட்டு விறாந்தையே அதற்குப் போதாமல் போகலாம்.

இதற்காகச் சங்கீதம், சித்திரம் என்று எல்லாப் பாடங்களிலும் விண்வெளியைத் திணிக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ரொக்கெட் படம் ஒட்டிய கூட்டல் கணக்கு வெறும் கூட்டல் கணக்குத்தான்.

இழந்த புள்ளியைத் திருப்பித் தரும்படி கேட்க வேண்டாம். வினா கோள்களைப் பற்றியது, அதற்கு விடை எட்டுத்தான். இரண்டு பக்கமும் பெயர்கள் எழுதிய அந்தத் தாளை மட்டும் இரு ஆசிரியைகளிடமும் காட்டிவிட்டு வரும்படி மகளிடம் சொல்லுங்கள்.