புல்கோகி: அடுப்படிச் சந்தேகங்கள்

கொரியாவில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்டது இது. ‘புல்’ என்றால் நெருப்பு, ‘கோகி’ என்றால் இறைச்சி. அரை கிலோ மாட்டுக்கறிக்கு என் கணக்கு: சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2, எள் எண்ணெய் 1, நசுக்கிய பூண்டு 5 பல், துருவிய பேரிக்காய் பாதி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. கறியை இதில் பிரட்டி அரை மணி நேரம் ஊற வைத்து, வாணலியில் மூன்று நிமிடம் வதக்கினால் போதும். இனி உங்கள் கேள்விகள்.

குக்கரில் ஆறு விசில் விட்டாலும் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி ரப்பர்தான். வாணலியில் மூன்று நிமிடத்தில் எப்படி வேகும்?

நறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. கறியின் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஓரம் இறுகி, நடுவில் விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அப்போதுதான் கத்திக்கு வழுக்காமல் கேரட் மாதிரி நிற்கும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே 2 மி.மீ. கனத்தில் சீவுங்கள். நார் ஓடும் வாக்கிலேயே வெட்டிவிட்டால் எவ்வளவு ஊறினாலும் மெல்ல முடியாது. கடையில் அண்டர்கட் (முதுகின் உட்புறத்து மென்மையான கறி) கேளுங்கள். கொரியாவில் இந்தப் பாடெல்லாம் இல்லை, புல்கோகிக்கென்றே சீவிய கறி கிடைக்கும்.

பேரிக்காய் கிடைக்கவில்லை. அன்னாசி போடலாமா?

ஒரு தேக்கரண்டி சாறு, இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். அன்னாசியில் உள்ள புரோமெலைன் புரதத்தை உடைத்துக்கொண்டே போகும். நான் ஒருமுறை இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் பார்த்தால் கறி களியாகிக் கிடந்தது. பேரிக்காய் சாது.

நல்லெண்ணெய் ஊற்றினேன். கொரியக் கடைகளில் வருகிற அந்த வாசம் வரவில்லையே?

வராது. கொரியர்கள் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். நம் செக்கில் போவது பச்சை எள், கூடவே கருப்பட்டி. நல்லெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால், இரண்டு கரண்டி எள்ளைப் படபடவென்று பொரியும் வரை வறுத்து, உள்ளங்கையில் கசக்கி, இறக்கும்போது தூவுங்கள். முக்கால்வாசி வாசம் வந்துவிடும்.

அரை கிலோவையும் மொத்தமாகப் போட்டேன். தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிட்டது. என்ன தப்பு?

அந்த ‘மொத்தமாக’தான் தப்பு. வாணலி சட்டென்று சூடு இறங்கி, கறி தன் தண்ணீரிலேயே வெந்திருக்கும். இரும்பு வாணலியைப் புகை எழும் வரை காய வைத்து முதலில் வெங்காயம், கேரட், காளானை வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். அப்புறம் கறியை மசாலா வடிய எடுத்து, ஒரு கைப்பிடி மட்டும் பரப்புங்கள். ‘சொய்ங்’ என்ற சத்தம் அடங்கக் கூடாது. அரை நிமிடம் கரண்டியே படாமல் விட்டால் அடி பழுப்பாகும், பிறகு ஒரு புரட்டு. சர்க்கரை கருகும் என்பதால் அடுப்பை விட்டு நகராதீர்கள். எல்லா ஈடும் முடிந்ததும் காய்களைச் சேர்த்து, வெங்காயத்தாளைப் போட்டு இறக்குங்கள்.

மறுபடியும் குழம்பானால் பதற வேண்டாம். சியோல் பக்கம் நடுவில் மேடான சட்டியில், ஓரத்துப் பள்ளத்தில் சாறு தேங்கத் தேங்க இதையே சாப்பிடுகிறார்கள். அந்தச் சாற்றில் சர்க்கரைவள்ளி மாவுச் சேமியாவை வேக விடுவதும் உண்டு. விருந்தாளிகளிடம் அதுதான் இது என்று சொல்லிவிடுங்கள்.

காரமே இல்லையே, கோச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) சேர்க்கலாமா?

புல்கோகி இனிப்பும் உவர்ப்பும்தான். கோச்சுஜாங் போட்டுப் பன்றிக்கறியில் செய்வதற்கு ஜேயுக் பொக்கும் என்று தனிப் பெயரே இருக்கிறது. ஆசையாக இருந்தால் ஒரு கரண்டி போட்டு, சோயா சாஸில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். எனக்குக் கொரியர்கள் சாப்பிடும் வழிதான் பிடிக்கும்: லெட்டூஸ் இலையில் கொஞ்சம் சோறு, மேலே கறி, ஒரு துண்டு பச்சை மிளகாய், பச்சைப் பூண்டு. மடித்து ஒரே வாயில்.

உப்பு எவ்வளவு?

போடவே வேண்டாம், சோயா சாஸே போதும்.